பிரிந்த பக்கங்கள் சேர: காதல் நாவல் அலமாரி ஒன்றின் பழுதுபார்ப்புப் பதிவு

கேரள எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறையில் ஒரு வாசகி தன் அலமாரியில் அதிகம் பிடித்தவை என்று பழுதுபார்க்க எடுத்து வைத்தவை இவை. கோவை உக்கடம் பழைய புத்தகக் கடையில் வாங்கிய 192 பக்க மில்ஸ் அண்ட் பூன் ஒன்று. ரமணிசந்திரனின் மாத நாவல்கள் மூன்று. ஆனந்த விகடனிலிருந்து வாராவாரம் கிழித்துச் சேர்த்த 'தில்லானா மோகனாம்பாள்' கட்டு, 156 தாள். சுந்தர ராமசாமி மொழிபெயர்த்த தகழியின் 'செம்மீன்', கெட்டி அட்டை. மலையாளத்திலேயே பஷீரின் 'பால்யகால சகி', ஒல்லிப் புத்தகம். எல்லை ஊர்களில் இரண்டு மொழியும் ஒரே தட்டில் இருப்பது வழக்கம்தான். முட்டத்து வர்க்கியின் 'பாடாத்த பைங்கிளி'க்குப் பிறகு மலையாளத்தில் வெகுஜனக் காதல் கதைகளுக்குப் 'பைங்கிளி' என்றே பெயர் விழுந்துவிட்டது. கொஞ்சம் இளக்காரமாகச் சொல்லப்படும் பெயர். அட்டை பிய்ந்து போகும் அளவுக்குத் திரும்பத் திரும்பப் படிக்கப்படுபவையும் இவைதான்.

பைண்டிங் கடையில் கொடுத்தால் எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம்தான் நடக்கும்: மூன்று பக்கமும் கத்தி வைத்து வெட்டி, முதுகோரம் குத்துத் தையல் போட்டு, காலிகோ துணி ஒட்டிக் கொடுப்பார்கள். அலுவலகப் பதிவேட்டுக்கு அது சரி, காதல் நாவலுக்குச் சரிவராது. இவை படுத்துக்கொண்டு, ஒரு கையில் பிடித்து, கட்டை விரலால் விரித்து வைத்துப் படிக்கப்படுபவை. குத்துத் தையல் முதுகோரத்தில் 8 முதல் 10 மி.மீ. தாளை விழுங்கிவிடும். புத்தகம் முழுதாகத் திறக்காது, திறக்க வைத்தால் தையலோரமாகவே தாள் ஒடியும். அதனால் இந்தப் பதிவில் எந்த வேலைக்கும் ஒரே அளவுகோல்: முடித்த பிறகு புத்தகம் ஒரு கையில் திறந்து நிற்க வேண்டும்.

வேலை நடந்தது ஜனவரி, பிப்ரவரி. இது முக்கியம். எடவப்பாதி மழையில் (ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை) பசை காய நாள்கணக்காகும், காய்வதற்குள் பூசணம் பிடித்துவிடும். தை மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் கீழ்க்காற்று வறண்டது, பசை சீக்கிரம் காயும். ஆனால் அதிலும் ஒரு தொல்லை உண்டு. ஒரு பக்கம் மட்டும் தாள் ஒட்டிய அட்டையைக் காற்று படும் இடத்தில் வைத்தால் அரை மணியில் அப்பளமாக வளைந்துவிடும். ஒட்டியதை உடனே எடைக்கு அடியில் வைத்து, ஜன்னலைச் சாத்திவிட வேண்டும்.

பசை

இரண்டு பசை போதும். பழைய தாளின் கிழிசலுக்கு மைதா, முதுகுக்கு ஃபெவிகால். இதை மாற்றிச் செய்வதால்தான் பாதிப் புத்தகங்கள் கெடுகின்றன. மைதாப் பசையைப் பின்னாளில் தண்ணீர் தொட்டுக் கழற்றலாம். ஃபெவிகால் காய்ந்தால் காய்ந்ததுதான், பக்கத்தின் நடுவில் போட்டால் அந்த இடம் கெட்டியாகி அதன் ஓரத்தில் புதிதாகக் கிழியும்.

மைதா 50 கிராம், தண்ணீர் 300 மி.லி. முதலில் கொஞ்சம் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, மீதியைச் சேர்த்து அரை மணி நேரம் ஊற விட வேண்டும். பிறகு சிறு தீயில் கை எடுக்காமல் 12 முதல் 15 நிமிடம் கிளற வேண்டும். வெள்ளையாக இருந்தது கண்ணாடி போல மாறி, கரண்டியிலிருந்து நூலாக இறங்கும்போது இறக்கிவிடலாம். ஆறியதும் பழைய வேட்டித் துணியில் வைத்துப் பிழிந்து வடிகட்டவும். துணி ஒட்ட இதே பதம். கிழிசலுக்கு இதைத் தண்ணீர் விட்டு மோர் பதத்துக்கு இளக்கவும். குளிர்பெட்டியில் நான்கு நாள் தாங்கும், புளித்த வாடை வந்தால் கொட்டிவிட வேண்டும்.

பூச்சி அரிக்காமல் இருக்க பைண்டர்கள் பசையில் மயில்துத்தம் போடுவார்கள். நாங்கள் போடுவதில்லை. துத்தத்தில் இருக்கும் செம்பு நாளடைவில் தாளையே அரித்துப் பழுப்பாக்கும். மாத நாவலின் தாள் ஏற்கெனவே மரக்கூழ்த் தாள், அமிலத்தால் தானே பழுத்துக்கொண்டிருப்பது. அதற்கு இன்னொரு எதிரி வேண்டாம்.

முதல் வேலை: பார்த்து எழுதுவது

எதையும் பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு புத்தகத்தையும் மேசையில் படுக்க வைத்து, முதுகில் நிறுத்தி, கையை விட்டுவிட வேண்டும். அது தானாக எந்தப் பக்கத்தில் திறக்கிறதோ அதைக் குறித்துக்கொள்ளவும். மில்ஸ் அண்ட் பூன் 171ஆம் பக்கத்தில் திறந்தது, முதுகுப் பசை உடைந்திருந்ததும் அங்கேதான். இந்த வகைக் கதையில் கடைசி இருபது, இருபத்தைந்து பக்கத்துக்குள்தான் மனக்கசப்பெல்லாம் தீர்ந்து இருவரும் பேசிக்கொள்வார்கள். அந்த இடத்தைத்தான் மறுபடி மறுபடி எடுத்துப் படித்திருக்கிறார்கள். ரமணிசந்திரன் மூன்றில் இரண்டும் அப்படியே பின்பாதியில் திறந்தன. 'செம்மீன்' மட்டும் முன்பாதியில், கறுத்தம்மாவும் பரீக்குட்டியும் இன்னும் பேசிச் சிரிக்கும் பகுதியில் திறந்தது. முடிவு தெரிந்த வாசகருக்கு அந்தப் பக்கங்கள்தான் பிடித்துப்போயிருக்க வேண்டும்.

வேலைக்கு இதனால் என்ன பயன்? அந்த இடத்துக்கு இரட்டிப்பு வலு வேண்டும். பக்கவாட்டில் எட்டெட்டுத் தாள் தள்ளியும் தளர்ச்சி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக மெதுவாக இழுத்துப் பார்க்க வேண்டும். மில்ஸ் அண்ட் பூனில் 11 தாள் தனியாகவே வந்துவிட்டது, இன்னும் 6 தாள் பாதிப் பசையில் தொங்கியது.

நடுவில் செருகி வைத்திருக்கும் பொருள்களையும் எடுத்து, எந்தப் பக்கம் என்று எழுதி, தனி உறையில் போட வேண்டும். பஸ் டிக்கெட், பூ, கடிதத் துண்டு என்று காதல் நாவலில் இவை இல்லாமல் இருக்காது. அமுக்கி வைத்த பூ முன்னும் பின்னும் ஐந்தாறு தாளுக்குப் பழுப்புக் கறை இறக்கும். திரும்ப வைக்க விரும்பினால் பட்டர் பேப்பர் உறையில் போட்டுத்தான் வைக்க வேண்டும். முதல் பக்கத்தில் 'அன்புடன்' என்று பேனாவால் எழுதியிருந்தால் அந்தத் தாளுக்கு ஈரமே ஆகாது. நனைத்த பஞ்சுக் குச்சியால் ஓர் எழுத்தின் மூலையை மட்டும் தொட்டுப் பார்த்தால் மை ஓடுமா என்று தெரிந்துவிடும். இதில் இருந்த நீல மை ஓடியது.

மில்ஸ் அண்ட் பூன்: விசிறி ஒட்டு

1908இல் லண்டனில் தொடங்கிய பதிப்பகம் அது. பேப்பர்பேக்காக வந்தவற்றில் தையலே கிடையாது. தாள்களை அடுக்கி, முதுகைச் சுரண்டி, சூடான பசையைப் பூசி அட்டையை ஒட்டியிருப்பார்கள். அந்தப் பசை வயதானால் மெழுகுவத்தி போல உடையும். உடைந்த இடத்தில் மட்டும் ஃபெவிகாலை ஊற்றிச் சாத்தி வைப்பது எல்லோரும் செய்கிற தவறு. அந்த இடம் கல்லாகும், அடுத்த முறை திறக்கும்போது அதன் இருபுறமும் உடையும். ஒரு பிளவு மூன்றாகும். முதுகையே புதிதாகக் கட்ட வேண்டியதுதான்.

வேண்டியவை: முக்கால் அங்குலப் பலகை இரண்டு (25 செ.மீ. × 12 செ.மீ.), ஜி கிளாம்ப் இரண்டு, 80 நம்பர் உப்புத்தாள், 1 அங்குலப் பிரஷ், மல் துணி, ஃபெவிகால். ஃபெவிகாலில் நான்குக்கு ஒரு பங்கு தண்ணீர். அதற்கு மேல் தண்ணீர் விட்டால் தாள் ஓரம் ஈரம் குடித்து அலை அலையாகிவிடும், அது திரும்பாது.

அட்டையை இழுத்துக் கழற்றக் கூடாது. முதுகில் ஹேர் டிரையரை 15 செ.மீ. தள்ளிப் பிடித்து அரை நிமிடம் காட்டினால் பழைய பசை இளகும். மழுங்கிய வெண்ணெய்க் கத்தியை உள்ளே விட்டு, அட்டையைப் படிய மடக்கிக்கொண்டே மேலிருந்து கீழாகப் பிரிக்கவும். படம் வரைந்த அட்டைதான் இந்தப் புத்தகத்தின் முகம். அதன் முதுகு மடிப்பில் வண்ணம் உதிர்ந்திருந்தாலும் அதையே திரும்பப் போட வேண்டும்.

மீதிப் பசை முதுகில் தோல் போல நிற்கும். இளகிய நிலையிலேயே உரித்துவிட்டு, எல்லாத் தாளையும் மேசையில் தட்டித் தட்டி முதுகும் தலையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரவும். இங்கே அவசரப்பட்டால் பின்னால் எதுவும் உதவாது. ஒரு தாள் அரை மி.மீ. உள்ளே போனால் அதற்குப் பசை எட்டாது. பசை ஊறிய ஓரம் மீதமிருந்ததால் எஃகு ஸ்கேல் வைத்து 1 மி.மீ. வெட்டினோம். உள் ஓரம் முதலில் 10 மி.மீ. இருந்தது, 9 மிச்சம். அதற்கு மேல் வெட்டினால் எழுத்து முதுகுக்குள் போய்விடும்.

முதுகு மேலே தெரியும்படி பலகைக்கு வெளியே 30 மி.மீ. விட்டு இறுக்கவும். உப்புத்தாளால் முதுகைக் குறுக்கே தேய்த்து, தாள் நார் எழும்பும்படி செய்யவும், தூசியைத் துடைக்கவும். இப்போது வெளியே நிற்கும் 30 மி.மீ. தாளையும் உள்ளங்கையால் வலப்பக்கம் சாய்த்தால் சீட்டுக்கட்டு போல விசிறியாக விரியும். ஒவ்வொரு தாளின் ஓரமும் அரை மி.மீ. தெரிந்தால் போதும். பிரஷை நடுவிலிருந்து வெளியே இழுத்து மெல்லிசாகப் பூசவும். உடனே இடப்பக்கம் சாய்த்து மறு ஓரத்துக்கும் பூசவும். நிமிர்த்தி, முதுகின் மேல் ஒரு பூச்சு. இரு திசையிலும் சாய்ப்பதால் தாளின் இரண்டு முகத்துக்கும் பசை கிடைக்கிறது, ஒவ்வொரு தாளும் பக்கத்துத் தாளைப் பிடித்துக்கொள்கிறது. ஒரு திசை மட்டும் செய்தால் கடைசிக் கால்பகுதி சில மாதத்தில் உதிரும்.

முதல் முயற்சியில் அதிகம் சாய்த்துவிட்டோம். ஒன்றரை மி.மீ. வரை பசை ஏறி, பத்துப் பதினைந்து தாள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டன. ஈரமாக இருக்கும்போதே மெல்லிய பிளாஸ்டிக் ஸ்கேலால் பிரித்து, முதுகைத் துடைத்து, காய வைத்து, மறுநாள் மீண்டும் செய்ய வேண்டியதாயிற்று. காய்ந்த பிறகு கண்டிருந்தால் தாள் போயிருக்கும்.

மல் துணி அளவு: முதுகு 12 மி.மீ., இருபுறமும் 10 மி.மீ. சேர்த்து 32 மி.மீ. அகலம், உயரத்தில் மேலும் கீழும் 5 மி.மீ. குறைவு. துணியை ஈரப் பசையில் வைத்துத் தடவி, அதன் மேல் இன்னொரு மெல்லிய பூச்சு. ஒரு மணி நேரம் கிளாம்பிலேயே விடவும். பிறகு அட்டையை முதுகில் மட்டும் பசை தடவி ஒட்டி, இரு பலகைக்கு நடுவே 24 மணி நேரம். அதற்கு முன் திறந்து பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். பசை தொட்டால் காய்ந்தது போல இருக்கும், உள்ளே பச்சையாக இருக்கும்.

காய்ந்த பின் திறக்கும் முறையும் உண்டு. முன்னாலிருந்து பத்துத் தாள், பின்னாலிருந்து பத்துத் தாள் என்று மாறி மாறி நடுவை நோக்கி அழுத்தி விரித்துக்கொண்டே போக வேண்டும். நேராக 171ஐத் திறக்கக் கூடாது. இப்போது கையை விட்டால் புத்தகம் எந்தப் பக்கத்திலும் தானாகத் திறப்பதில்லை. முதுகில் பாரம் சமமாகப் பரவியிருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி.

மாத நாவல்கள்: துருப்பிடித்த கம்பி

இவற்றுக்கு முதுகிலிருந்து 5 மி.மீ. தள்ளி இரண்டு கம்பிப் பின். மழைக்காலத்தில் கம்பி துருப்பிடித்து, சுற்றியிருக்கும் தாளைப் பொடியாக்கிவிடும். பின்னை இடுக்கியால் பிடித்து இழுத்தால் பொடிந்த தாள் வட்டமாகக் கூடவே வரும். பின்பக்கம் மடங்கிய கால்களுக்கு அடியில் பழைய எக்ஸ்ரே பிலிமின் துண்டைச் செருகி, கத்தி முனையால் காலை நிமிர்த்தி, தேவைப்பட்டால் கட்டிங் பிளேயரால் நறுக்கி, முன்பக்கம் மேலாக எடுக்க வேண்டும். துருக் கறையைப் போக்க எலுமிச்சை, அமிலம் என்று இறங்க வேண்டாம். கறை போகிறதோ இல்லையோ, தாள் போய்விடும். உலர்ந்த பிரஷால் தூளைத் தட்டினால் போதும்.

பழைய துளைகளுக்கு உள்பக்கமாக மைதாப் பசையில் சின்ன ஜப்பான் டிஷ்யூத் துண்டு (பழுதுபார்க்க உதவும் மெல்லிய, நார் மிகுந்த தாள்) ஒட்டி, அதே துளைகள் இரண்டு, நடுவில் ஒன்று, ஆக மூன்றில் மெழுகு தேய்த்த பருத்தி நூலால் கட்டினோம். நடுத்துளையில் இறங்கி, மேல்துளையில் ஏறி, நடுவைத் தாண்டிக் கீழ்த்துளையில் இறங்கி, மீண்டும் நடுவில் ஏறி முடிச்சு. நடுவில் ஓடும் நீள நூல் முடிச்சின் இரு முனைக்கும் இடையில் மாட்ட வேண்டும், அப்போதுதான் தளராது. இதுவும் குத்துத் தையல்தானே என்றால், ஆம். இவற்றில் மட்டும் அதைத் தவிர்க்கவில்லை. தாள் பழுத்து, விசிறி ஒட்டைத் தாங்காத நிலையில் இருக்கிறது, புத்தகமும் ஒல்லி. தையலை அதே 5 மி.மீ.யில் நிறுத்தியதால் முன்பு திறந்த அளவுக்குத் திறக்கிறது.

தில்லானா கட்டு

நேரம் அதிகம் எடுத்தது இதுதான், மனசுக்கு நிறைவு தந்ததும் இதுதான். புத்தகமாகவே கடையில் கிடைக்கும் கதையை ஏன் இந்தப் பாடுபட்டுக் கட்ட வேண்டும் என்று கேட்கலாம். கொத்தமங்கலம் சுப்பு எழுதிய வரிகளுக்கு வாராவாரம் கோபுலு வரைந்த படங்கள் இந்தத் தாள்களில்தான் முதலில் வந்தன. சண்முகசுந்தரம் நாகஸ்வரம் பிடிக்கும் விரல்களும் மோகனாவின் அடவும் அந்தக் கோடுகளில்தான் பலருக்குப் பழகின. வாசகர்கள் கிழித்துக் கிழித்துச் சேர்த்ததே படத்தோடு சேர்த்துப் படிக்கத்தான். ஓரத்தில் பாதி வந்திருக்கும் விளம்பரத்தையும் வெட்டாமல் விட்டோம்.

பத்திரிகையிலிருந்து பிளேடு போட்டு எடுத்த தாள்களுக்கு உள் ஓரமே இருக்காது. எழுத்து விளிம்பு வரை வந்து நிற்கும். விசிறி ஒட்டுக்கோ தையலுக்கோ கொடுக்க ஒரு மி.மீ. கூட இல்லை. வழி ஒன்றே: இரண்டிரண்டு தாளை நடுவில் ஒரு பட்டையால் இணைத்து, மடித்து, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிப் பாரமாக்கி (ஒரு மடிப்புக் கட்டு ஒரு பாரம்) தைப்பது. எட்டுத் தாளுக்கு ஒரு பாரம். 156 தாளுக்கு 78 ஜோடி. நான்கு ஜோடிப் பாரம் 18, மூன்று ஜோடிப் பாரம் 2, மொத்தம் 20.

ஜோடி சேர்ப்பதில்தான் கை தவறும். ஒன்றையும் இரண்டையும் இணைக்கக் கூடாது. எட்டுத் தாள் பாரத்தில் 1-8, 2-7, 3-6, 4-5. பென்சிலால் மூலையில் எண் போட்டு, ஒட்டும் முன் மடித்து அடுக்கிப் படித்துப் பார்த்துவிட வேண்டும்.

பட்டைக்கு என்ன தாள்? சாதாரண 45 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) தாள் சுமார் 0.06 மி.மீ. கனம். 156 தாளின் ஓரத்திலும் அது ஏறும்போது முதுகில் மட்டும் 9 மி.மீ.க்கு மேல் கூடுகிறது. தாள்களின் கனமே 12 மி.மீ.தான். முதுகு தடித்து முன்பக்கம் மெலிந்து, புத்தகம் ஆப்பு மாதிரி ஆகிவிடும். 12 ஜிஎஸ்எம் ஜப்பான் டிஷ்யூ சுமார் 0.03 மி.மீ., கூடுவது பாதியாகக் குறையும். இது நம் பக்கத்துக் கடைகளில் கிடைக்காது, வரவழைக்கத்தான் வேண்டும். அதோடு பத்துப் பத்துப் பாரமாக இரண்டு பாகம் ஆக்கினோம். ஒரே பாகமாக இருந்தால் படுத்துப் படிக்கக் கை வலிக்கும்.

பட்டை அகலம் 10 மி.மீ. ஒவ்வொரு தாளிலும் 4 மி.மீ. ஏறும், நடுவில் 2 மி.மீ. இடைவெளி. அந்த இடைவெளியில்தான் மடிப்பும் ஊசித் துளையும் விழும். இடைவெளி விடாமல் இரு தாளும் முட்டிக்கொண்டால் மடிக்கும்போது விளிம்பு நசுங்கிக் கிழியும். பாரத்தின் நடு ஜோடியில் படம் இரண்டு பக்கத்துக்கும் சேர்ந்து வரும் இடங்களில் மட்டும் இடைவெளியை 1 மி.மீ. ஆக்கினோம், கோடு கோட்டோடு சேர வேண்டுமே! அந்த நான்கைந்து ஜோடிக்கு மட்டுமே ஒரு முழு மாலை போனது.

எழுத்துக்கு மேல் 4 மி.மீ. ஏறினாலும் 12 ஜிஎஸ்எம் டிஷ்யூ மைதாப் பசையில் கிட்டத்தட்ட மறைந்துவிடும், படிக்கலாம். ஒட்டிய ஜோடியை நான்-ஓவன் துணித் துண்டுகளுக்கு நடுவே வைக்கவும். துணிக்கடையில் கொடுக்கும் வெள்ளைப் பை இருக்கிறதே, அதை வெட்டியதுதான். அதில் பசை ஒட்டாது. அதன் இருபுறமும் மை ஒற்றும் தாள், மேலே பலகை, 2 கிலோ எடை. பத்து நிமிடத்தில் மை ஒற்றும் தாளை ஒருமுறை மாற்றிவிட்டு, இரண்டு மணி நேரம் விடவும். மாற்றாமல் விட்டால் ஈரம் பரவி, பழுத்த தாளில் பழுப்பு வளையம் கட்டும்.

தையல்: ஒவ்வொரு பாரத்துக்கும் ஆறு துளை. நான்கு துளை இரண்டு நாடாக்களின் இருபுறமும், இரண்டு துளை தலை, கால் முடிச்சுக்கு. நூல் மெல்லிசாக இருக்கட்டும். தடித்த நூல் பத்துப் பாரத்தில் இன்னும் 3, 4 மி.மீ. கூட்டிவிடும். நூலை இழுப்பது எப்போதும் முதுகின் நீளவாக்கில். எதிர்ப்புறமாக இழுத்தால் டிஷ்யூவைக் கத்தி போல அறுத்துவிடும். இரண்டாம் பாகத்தில் ஏழாம் பாரம் அப்படித்தான் அறுந்தது. மடிப்பின் வெளிப்புறம் இன்னொரு பட்டை ஒட்டி, காய்ந்த பின் தைத்தோம்.

அட்டைக்கு 2 மி.மீ. கிரே போர்டு, முதுகுக்குக் காலிகோ, பக்கங்களுக்குத் தாள். போர்டின் நார்வாட்டம் முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். எப்படி அறிவது? இரு கையாலும் பிடித்து வளைத்துப் பார்த்தால் ஒரு திசையில் எளிதாக வளையும், அந்த வளைவின் அச்சுதான் நார் ஓடும் திசை. ஒட்டும் தாளுக்கும் இதே. நார் குறுக்கே போனால் ஒரு மழைக்காலத்துக்குள் அட்டை படகாகிவிடும். காலிகோவுக்கு ஃபெவிகால் இரண்டு பங்கு, மைதாப் பசை ஒரு பங்கு கலந்தது. தனி ஃபெவிகால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும், துணியை நகர்த்திச் சரிசெய்ய நேரம் தராது.

பால்யகால சகி: செல்லோ டேப்

1944இல் வந்த நாவல், இது பிந்தைய பதிப்பு. மஜீதும் சுகறாவும் சின்னப் பிள்ளைகளாக இருக்கும் பக்கங்கள் நான்கில் கிழிசல், அதன் மேல் செல்லோ டேப். டேப்பின் பிளாஸ்டிக் சில ஆண்டுகளில் தானே உரிந்துவிடும், பசை மட்டும் தாளுக்குள் இறங்கித் தேன் நிறமாகும். தாளின் மறுபக்கத்தையும் அது தாண்டும். நன்றாகக் காய்ந்து போன டேப் கத்தி முனை பட்டதும் கழன்றது. இன்னும் பிசுபிசுப்பாக இருந்த ஒன்றை ஹேர் டிரையரில் பத்து நொடி சூடு காட்டி, தாளோடு படிய, கிட்டத்தட்டத் தன் மேலேயே மடக்கி இழுத்தோம். மேல்நோக்கி இழுத்தால் எழுத்தும் கூட வரும். மிச்சப் பிசுபிசுப்பை மென்மையான அழிப்பான் துண்டால் ஒரே திசையில் உருட்டி எடுக்கலாம். தின்னர், பெட்ரோல் எதுவும் கிட்டவே வரக் கூடாது, கறையைக் கரைத்துப் பரப்பிவிடும். கறை நின்றது, நிற்கட்டும். கிழிசலின் இரு ஓரத்தையும் பொருத்தி, 6 மி.மீ. டிஷ்யூ. டிஷ்யூவைக் கத்தரிக்கோலால் வெட்டாமல், நனைத்த பிரஷால் கோடு போட்டு அந்தக் கோட்டில் பிய்த்தால் ஓரம் நார் நாராக வரும், தாளோடு கலந்துவிடும்.

செம்மீன்: பூசணமும் தளர்ந்த மூட்டும்

இதில் முதல் வேலை பூசணம். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் மாவு போல இழுகித் தாளுக்குள் ஏறும். நிழலில், விரல் விட்டது போல் தாள்களைப் பிரித்து, இரண்டு மூன்று நாள் நிற்க வைத்து நன்றாக உலர்த்த வேண்டும். வெயில் வேண்டாம், அட்டை வளையும், தாள் பழுக்கும். உலர்ந்த பின் வெளித் திண்ணையில், காற்று முதுகுப்பக்கம் வரும்படி நின்று, மூக்கை மூடும் என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டு, மென்மையான பிரஷால் உள்ளிருந்து வெளியே தட்ட வேண்டும். அந்தப் பிரஷை மற்றப் புத்தகங்களுக்கு எடுக்கக் கூடாது.

முதுகுத் துணியில் இராமபாணப் பூச்சி மேய்ந்த தடம் இருந்தது. அதற்குப் பசையில்தான் ருசி. புத்தகத்தை இரண்டு பாலிதீன் பையில் காற்றில்லாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் 14 நாள் வைத்தோம். எடுத்ததும் பையைப் பிரிக்கக் கூடாது. 24 மணி நேரம் வெளியே அப்படியே இருந்து அறையின் சூட்டுக்கு வந்த பிறகுதான் பிரிக்க வேண்டும். அவசரப்பட்டால் குளிர்ந்த அட்டையில் ஈரம் கோத்து, ஓட்டிய பூசணத்தைத் திரும்ப அழைத்தது போலாகும்.

தையல் நல்ல நிலையில் இருந்தது. அட்டை மட்டும் மூட்டில் தளர்ந்து ஆடியது. இதற்குப் பிரிக்கவே தேவையில்லை. ஸ்வெட்டர் பின்னும் ஊசி ஒன்றில் ஃபெவிகாலைத் தடவி, அட்டைக்கும் முதுகுக்கும் இடையில் இருக்கும் குழாய் போன்ற இடைவெளியில் மேலிருந்து பாதி தூரம் விட்டு உருட்டி எடுக்கவும். கீழிருந்தும் அதேபோல். ஊசியில் பசை சொட்டக் கூடாது, சொட்டினால் முதுகுத் துணி உடலோடு ஒட்டிப் புத்தகம் திறக்காமல் போகும். அட்டையை மூடி, உள்ளே பட்டர் பேப்பர் வைத்து, மூட்டுப் பள்ளத்தில் இருபுறமும் ஊசி ஒவ்வொன்றை வைத்து, மேலே 3 கிலோ எடை, ஓர் இரவு. காலையில் அட்டை ஆடவில்லை. கறுத்தம்மா சிரிக்கும் பக்கங்களுக்குத் திறந்தால் இரண்டு அட்டையும் மேசையில் படிந்து நிற்கிறது.

அலமாரியைச் சுவரிலிருந்து 5 செ.மீ. முன்னே இழுத்து, கீழ்த்தட்டைக் காலியாக விட்டிருக்கிறது. மழைக்காலத்தில் தரையும் மேற்குச் சுவரும்தான் முதலில் வியர்க்கும். தட்டின் மூலைகளில் வசம்புத் துண்டுகள், துணியில் முடிந்து, புத்தகத்தைத் தொடாமல். ஜூன் கடைசியில் ஒருமுறை எல்லாவற்றையும் எடுத்து, முதுகைத் தடவி, மாத நாவல்களின் நூல் முடிச்சு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.  இளகியிருந்தால் முடிச்சை அவிழ்த்து ஒரு சுற்று இறுக்கிக் கட்டலாம், அதற்காகவே நூல் முனையை இரண்டு அங்குலம் விட்டு வைத்திருக்கிறது.